குஷன் கடையில் உனக்கு யார் ஆள்?

பிப்ரவரி 10

தம்பிக்கு,

இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை. கடையும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நலம் விசாரித்தாயிற்று.

காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. உன் நம்பரைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன், திரும்பப் போடுவதாக இல்லை. கடை ஈமெயிலில் எழுதலாம் என்றால் அதைத் திறந்து கொடுத்தவனே நீதான். நான் அனுப்புவதற்கு முன்பே படித்துவிடுவாய். "உன் தம்பிக்குத்தானே எழுதுற, முன்னாடி படிச்சா என்ன, பின்னாடி படிச்சா என்ன?" என்று உன் மாமா கேட்கிறார். அவருக்கு வேன் ஓட்டத் தெரியும், இதெல்லாம் தெரியாது.

நீ கோபித்துக்கொண்டு போய் ஆறு மாதம் ஆகிறது. ஆனால் நம் வெப்சைட்டில் வாரம் தவறாமல் உன் பதிவு வந்துகொண்டிருக்கிறது. கை அரிக்கிறது, எழுதிவிட்டுப் போகட்டும் என்றுதான் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தியிருக்கும்போது கணக்குப் பார்க்கக் கம்ப்யூட்டரைத் திறப்பேன், அப்போது அதையும் ஒரு பார்வை பார்ப்பேன். இந்த ஒரு மாதமாக அதில் ஏதோ சரியில்லை.

போன மாதம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கடையில் நின்றுகொண்டு பழைய சோபாவைத் தூக்கிப் போடுவதா, துணி மாற்றுவதா என்று அடித்துக்கொண்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் நீ அதையே எழுதியிருக்கிறாய், 'தூக்கிப் போடலாமா, துணி மாற்றலாமா?' என்று. போன வாரம் ஒரு பெண் பூனை கீறிய சோபாவைக் காட்டிக் கண் கலங்கினாள். ஞாயிற்றுக்கிழமை திறந்தால் 'பூனை கீறிய சோபாவைக் காப்பாற்ற முடியுமா?' என்று கேட்டு நீயே பதிலும் சொல்லியிருக்கிறாய். அந்தப் பெண்ணின் பூனை என்ன நிறம் என்று மட்டும்தான் எழுதவில்லை.

நீ இருப்பது ஒரு ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போக வேண்டிய ஊர். என் கடையில் இருப்பது நான், மாமா, உறை தைக்கிற டேப்பு. நான் சொல்லவில்லை. மாமாவுக்கு ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்ல வராது. மிச்சம் இருப்பது டேப்பு. கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டே வீட்டுக்குப் போகிறாள் என்று அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவனே நீதான். உங்கள் இரண்டு பேருக்கும் எப்போதும் ஒத்துப்போகும்.

யார் சொல்கிறார்கள் என்று எழுது. வெப்சைட்டின் பாஸ்வேர்டையும் அனுப்பு. என் கடைக்குள் நடப்பதை ஊர் படிக்க வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நின்ற இடத்திலேயே பிரித்தேன். பார்த்தால் பூனை.

இங்கே வந்ததிலிருந்து உன் கடையைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. நம்பினால் நம்பு. எனக்கு அதற்கு நேரமும் இல்லை. நான் வேலை பார்ப்பது ஒரு செருப்புக் கம்பெனியில். ஒவ்வொரு செருப்புக்கும் கீழே நாலு வரி எழுத வேண்டும். 'நடக்க இதமானது' என்பதை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதிவிட்டேன். சாயங்காலம் அறைக்கு வந்தால் ஜன்னலுக்கு வெளியே பஸ் ஒர்க்‌ஷாப்பில் டயர் கழற்றுகிற சத்தம். பேனாவைப் பார்த்தாலே குமட்டுகிறது.

எழுத்தைப் பற்றி நீ பேசுவதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. வாடிக்கையாளர்கள் நாலு பேர் நிற்கும்போது, "எழுதி எழுதி என்னத்தைக் கிழிச்சே? உன் எழுத்தைப் படிச்சிட்டு ஒரு ஈ காக்கா இந்தக் கடைக்கு வந்திருக்கா?" என்று கேட்டது யார்? வருகிறவர்களிடம் எப்படித் தெரிந்து வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேள் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். "வந்தவங்களை எதுக்கு வந்தேன்னு கேக்கறது மரியாதையா?" என்று வாயை அடைத்தாய்.

பூனை வளர்க்கிற வீட்டில் சோபா கிழியத்தான் செய்யும். புருஷன் பெண்டாட்டி இருக்கிற வீட்டில் சண்டை வரத்தான் செய்யும். அதற்கு ஒற்றன் வேண்டுமா?

உண்மையில் உனக்கு எதற்குப் பாஸ்வேர்டு? எதிர்க்கடைக்காரர், அந்தப் பெரிய பர்னிச்சர் கடைக்காரர், நம் கடையில் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனதாகக் கேள்வி. கடையை அவருக்குக் கொடுக்கப் போகிறாயா? வெப்சைட்டோடு கொடுத்தால் விலை கூட வரும் என்று யாராவது சொன்னார்களா? பூனைக் கதையெல்லாம் என்னிடமிருந்து அதைக் கறக்கத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அனுப்ப மாட்டேன்.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

எதிர்க்கடைக்காரர் வந்து உட்கார்ந்ததாகக் கேள்வி என்கிறாய். கேள்வி எங்கிருந்து வந்தது? அரை மணி நேரம் என்பது வரை உனக்குத் தெரிகிறதே! கையும் களவுமாக மாட்டிக்கொண்டாய். விலைக்குக் கேட்டார், தர மாட்டேன் என்றேன், எழுந்து போய்விட்டார். அப்போது கடையில் என்னைத் தவிர இருந்தது மாமாவும் டேப்பும்தான்.

இன்னும் கேள். போன மாதம் பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை, ஒரு மருமகள் வந்தாள். "எங்க வீட்டு சோபாவுக்கு ஒரு ராஜா இருக்காருங்க. எங்க மாமனார். அவர் உக்கார்ற மூலை மட்டும் பள்ளம்" என்றாள். நானும் சிரித்தேன், டேப்பும் தையலை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைத் திறக்கிறேன், 'ஒவ்வொரு வீட்டு சோபாவுக்கும் ஒரு ராஜா உண்டு. அவர் உட்காரும் மூலை மட்டும் பள்ளமாக இருக்கும்' என்று இருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை! அந்தப் பெண் சொன்னதை அப்படியே வழித்து எடுத்துப் போட்டிருக்கிறாய்.

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு சோதனை வைத்தேன். போன செவ்வாய்க்கிழமை டேப்பை மட்டும் கூப்பிட்டு, "ஒரு சலூன்காரர் அவர் கடை நாற்காலி எல்லாத்துக்கும் ரெக்ஸின் மாத்தணும்கிறார், யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன். அப்படி ஒரு சலூன்காரர் வரவே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். மாமாவிடம்கூட மூச்சு விடவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்: 'சலூன் நாற்காலி கிழிந்தால் கடையை மூட வேண்டாம், ஒரே நாளில் ரெக்ஸின் மாற்றலாம்.'

திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து வருஷமாக எனக்கு எதிரில் உட்கார்ந்து தைக்கிறவள். அவள் மகள் காலேஜில் சேர்ந்தபோது கூடப் போய் நின்றவள் நான். அவள் எனக்கு இதைச் செய்வாள் என்று நினைக்கவே கசக்கிறது.

இனி காதில் பூ சுற்ற வேண்டாம். ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. ஒரே வரியில் எழுது.

அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு,

ஒரே வரியில் கேட்டாய். இந்தா:

ஆமாம், உன் கடையில் எனக்கு ஆள் இருக்கிறது. சம்பளம்கூடக் கொடுக்கிறேன். போதுமா?

எதைச் சொன்னாலும் நம்பப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு எழுதுகிறவளுக்கு வேறு என்ன பதில் சொல்வது? தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி நீதான் திருடன் என்றால் அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வான். நான் படுத்துக்கொள்கிறேன்.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

உன் ஆளை அனுப்பிவிட்டேன்.

கடிதம் காலையில் வந்தது. படித்த கையோடு கடைக்குப் போனேன். அவள் யாருடைய சோபாவுக்கோ ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். "என் சோத்தைத் தின்னுட்டு என் கடையையே விக்கிறியா?" என்று கேட்டேன். கடைக் கதவு திறந்திருந்தது, பக்கத்துத் திரைச்சீலைக் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். "என்னக்கா சொல்றீங்க? எனக்குப் புரியல" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். உன் கடிதத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். படித்தாள்.

கத்தரிக்கோல் அவளுடையது, அதைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பாதி தைத்த உறையை என்னிடம் கொடுத்து, "இந்த மூலையில ரெட்டைத் தையல் போடணும், இல்லேன்னா பிரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நீ சம்பளம் கொடுக்கிறாயே, இனி அவள் அங்கே வரட்டும்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

நீ என்ன செய்து வைத்திருக்கிறாய்! நான் கிண்டலாக எழுதினேன். எரிச்சலில் எழுதினேன். செருப்புக் கம்பெனியில் வாங்கும் சம்பளத்தில் அறை வாடகை கொடுத்து மிஞ்சுவதில் நான் ஒரு ஒற்றனை வைத்துக்கொள்வேனா? டேப்பு எனக்கு எதுவுமே சொல்லவில்லை.

எதிர்க்கடைக்காரர் வந்ததைச் சொன்னது மாமா. மாசத்துக்கு ஒரு தடவை வேனை எங்காவது ஓரமாக நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுவார். சாப்பிட்டாயா என்பார், நீ நன்றாக இருக்கிறாய் என்பார், வைத்துவிடுவார். உனக்குத் தெரிந்தால் கத்துவாய் என்று பயம் அவருக்கு. அவரைத் திட்டாதே.

பதிவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவையெல்லாம் போன ஆகஸ்டிலேயே எழுதியவை. இந்த மே மாதம் வரைக்கும் வாரத்துக்கு ஒன்று என்று எழுதி அடுக்கி, தேதி குறித்து வைத்துவிட்டேன். அந்தந்தத் தேதியில் அதுவாகவே வெளியாகும், நான் தொட வேண்டியதே இல்லை. சலூன், பூனை, மாமனார் மூலை எல்லாம் அதில் இருந்தவை. இத்தனையும் எழுதி முடித்துவிட்டேன் என்று உன்னிடம் பெருமையாகக் காட்டத்தான் அன்றைக்குக் கடைக்கு ஓடி வந்தேன். வாயைத் திறப்பதற்குள் என்னத்தைக் கிழிச்சே என்று கேட்டுவிட்டாய். அப்படியே திரும்பிப் போய்ப் பெட்டியைக் கட்டினேன்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நிறுத்து என்பாய் என்று நினைத்தேன். என்னை வேண்டாம் என்ற கடைக்கு வாரா வாரம் என் எழுத்து வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு குஷி இருந்தது, அதுவும் நிஜம்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் டேப்பைப் போய்க் கூப்பிடு. அவளிடம் என் முட்டாள்தனத்தையும் சொல்.

தம்பி


மார்ச் 23

தம்பிக்கு,

மாமாவை விசாரித்தேன். வேனைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவர் சாயங்காலம்தான் வந்தார். வந்ததும் ஒத்துக்கொண்டார். எதிர்க்கடை விஷயம் அவர் சொன்னதுதான். டேப்பு கிளம்பிப் போகும்போது இவர் சுவரோரமாக ஸ்பாஞ்சு அடுக்கிக்கொண்டு நின்றவர். வாயைத் திறந்து நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டு நாளாக அவரோடு பேசவில்லை.

ஆனால் மிச்சத்தை எப்படி நம்பச் சொல்கிறாய்? ஆகஸ்டில் எழுதினாயாம். பிப்ரவரியில் ஒரு மருமகள் என் கடைக்கு வந்து என்ன வார்த்தை சொல்வாள் என்று உனக்கு ஆகஸ்டிலேயே தெரியுமாம். நீ என்ன ஜோசியக்காரனா? நான் வாயில் வந்ததைச் சொன்ன சலூன்காரர்கூட உனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டார். மாட்டிக்கொண்டவளைக் காப்பாற்ற ஏதேதோ கதை விடுகிறாய். நீ அவளுக்காக இத்தனை பதறுவதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் சந்தேகம் கூடுகிறது.

அவள் திரைச்சீலைக் கடையில் வேலை கேட்டாளாம், இல்லை என்றார்களாம். பை தைக்கிற கடையிலும் இல்லை. எதிர்க்கடையிலும் கேட்டிருக்கிறாள். மாமா சொன்னார். எனக்கென்ன என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, அது வேறு விஷயம்.

அக்கா


மார்ச் 28

அக்கா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். எனக்கே பயமாகிவிட்டது. நான் எழுதியது ஆகஸ்டில், அந்தப் பெண் சொன்னது பிப்ரவரியில், இரண்டும் ஒன்று. எனக்குத் தெரியாமல் வேறு யாராவது என் பெயரில் எழுதுகிறார்களோ என்றுகூட உள்ளே போய்ப் பார்த்தேன். இல்லை, எல்லாம் என் வரிகள்தான்.

அப்புறம்தான் உன் முதல் கடிதத்தை எடுத்துப் படித்தேன். நீ பதிவைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை. அது வெளியாவது திங்கட்கிழமை காலை. அதாவது நீ பார்ப்பதற்கு ஆறு நாள் முன்னால். நீ ஞாயிற்றுக்கிழமை புதிதாக வந்தது என்று நினைத்துப் படித்ததெல்லாம் அந்த வாரம் முழுக்க ஊரார் படித்து முடித்தது. பதிவில் தேதி தெரியாமல் வைத்தவன் நான். தேதி இருந்தால் பழசு என்று படிக்காமல் போய்விடுவார்கள், எடுத்துவிடு என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள், எடுத்துவிட்டேன். இருந்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும்.

அக்கா, அந்த மருமகள் சொன்னதை நான் எழுதவில்லை. நான் எழுதியதைத்தான் அவள் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

என்னை நம்பாதே. நீயே பார். ஏப்ரல் ஆறாம் தேதி திங்கட்கிழமை வரப்போகும் பதிவின் தலைப்பை இப்போதே எழுதுகிறேன்: 'சோபா கம் பெட்டில் படுத்த விருந்தாளிக்கு முதுகு பிடித்தால்'. திங்கட்கிழமை காலையிலேயே திறந்து பார். அப்புறம் அந்த வாரம் சோபா கம் பெட் என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் அந்த ஒரு கேள்வியைக் கேள். மரியாதை கெட்டால் கெடட்டும்.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

கேட்டேன்.

திங்கட்கிழமை காலையில் திறந்தேன், நீ சொன்ன தலைப்பு இருந்தது. அப்போதே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை. வராமலே போகட்டும் என்றுகூட நினைத்தேன், உன்னிடம் மறைப்பானேன். புதன்கிழமை மத்தியானம் ஒரு ஆள் வந்தார். "சோபா கம் பெட் ஒண்ணு இருக்குங்க, நடுவுல கம்பி குத்துது" என்றார். நான் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றேன். மாமா தூரத்திலிருந்து கேள், கேள் என்று கையை ஆட்டினார். நாங்கள் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டோம்.

"எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்றேன்.

"உங்க வெப்சைட்லதாங்க படிச்சேன். விருந்தாளிக்கு முதுகு பிடிச்சா உறவே விட்டுப்போகும்னு எழுதியிருந்தீங்களே. என் மச்சான் எங்க வீட்ல வந்து படுத்துட்டுப் போனதிலேர்ந்து போன்கூடப் பண்றதில்ல" என்று சிரித்தார்.

அவர் போனதும் பில் புத்தகத்தில் நம்பரைத் தேடிப் பூனைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டேன். வெப்சைட். அந்த மருமகளைக் கூப்பிட்டேன். "அதான் நான் வந்ததுமே உங்க வரியைச் சொல்லிக் காட்டினேனே, நீங்களும் சிரிச்சீங்களே" என்கிறாள். அவள் நாம் எழுதியதைச் சொல்லி நம்மைப் பாராட்டியிருக்கிறாள், நான் அதை ஒட்டுக்கேட்டதற்குச் சாட்சியாக வைத்திருக்கிறேன். சலூன் விஷயமும் மாமா சொல்லித்தான் நினைவு வந்தது. நான் சோதனை வைத்த அன்றைக்குக் காலையில் யாரோ போனில், சலூன் நாற்காலி செய்வீர்களா என்று கேட்டார்கள். செய்வோம் என்று வைத்துவிட்டேன். முந்தின நாள் வந்த பதிவைப் படித்துவிட்டுக் கூப்பிட்டிருப்பார்கள், அதுதான் என் வாயில் வந்திருக்கிறது.

சாயங்காலம் டேப்பு வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் மெஷினைப் போட்டு யாருக்கோ பேன்ட் கால் வெட்டித் தைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் டேப்பு. "உக்காருங்க அக்கா" என்று இருந்த ஒரே நாற்காலியைத் தள்ளினாள். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவள் நூலைக் கடித்துத் துப்பிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் சொல்லலன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சிடுச்சு. நாளைக்கே வந்துடு."

"உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. தெருவுக்கு?" என்றாள். "மூணு கடையில கேட்டேன் அக்கா. உள்ள நடக்கிறதை வெளிய சொல்ற ஆளு எங்களுக்கு எதுக்குன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. என் பொண்ணு காலேஜ்லேர்ந்து வந்து, நீ நிஜமா சொன்னியாம்மான்னு என்னையே கேக்கறா."

நான் ஒவ்வொரு கடையாகப் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

"என்னை அனுப்பினப்போ கதவைத் திறந்து வச்சுக்கிட்டுத்தானே கத்தினீங்க. இதையும் அப்படியே சொல்லுங்க. உங்க தம்பி எழுதறதை ஊரே படிக்குதுன்னு இப்பத்தானே கண்டுபிடிச்சீங்க? அதுல போடுங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் தம்பி, எனக்குப் பயமாகவும் இருக்கிறது. வேலைக்காரியின் மேல் அபாண்டமாகப் பழி போட்டவள் என்று படித்தால் எவன் தன் சோபாவைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருவான்? எதிர்க்கடைக்காரர் படிப்பாரே. மாமா போடு என்கிறார். நீ என்ன சொல்கிறாய்? எழுதத் தெரிந்தவன் நீதான், நீயே எழுதிக் கொடு.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. இதில் உனக்குப் பாதி என்றால் எனக்குப் பாதி. நீ அவள் முகத்துக்கு நேரே நீட்டியது என் கையெழுத்தைத்தான். அந்த ஒரு வரிக்குப் பதிலாக எனக்கு அங்கே ஆள் யாரும் இல்லை, பதிவெல்லாம் ஆகஸ்டில் எழுதியவை என்று எழுதியிருந்தால் அவள் இன்றைக்கு உன் எதிரில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள்.

போடு. யாரும் வராமல் போனால் போகட்டும். கடைக்கு வலிக்காதபடி, நாசூக்காக ஒன்று எழுதிப் பார்த்தேன்:

'எங்கள் கடைக் குடும்பத்தில் அண்மையில் ஏற்பட்ட ஒரு சிறு தவறான புரிதலால், எங்கள் அனுபவமிக்க தையற்கலைஞர் ஒருவர் விலக நேர்ந்தது. அவரது நேர்மையில் எங்களுக்கு என்றும் முழு நம்பிக்கை உண்டு. நிகழ்ந்தவற்றுக்கு மனமார வருந்துகிறோம்.'

பாஸ்வேர்டைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எங்கே எதை அமுக்க வேண்டும் என்று படமும் போட்டிருக்கிறேன். என் பங்கையும் சேர்த்து எழுத வேண்டுமென்றால் எழுது. ஒரே ஒரு சந்தேகம் எனக்கு. கடைசி நிமிஷத்தில் நீ கையை எடுத்துவிடுவாயோ என்று.

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

நீ எழுதியதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "யாரோ செத்துப் போயிட்டாங்க போல இருக்கு" என்றார். என்றும் முழு நம்பிக்கை உண்டு என்று எப்படிப் போடுவேன்? எனக்குத்தான் இல்லாமல் போனதே. விலக நேர்ந்ததா, நான் துரத்தினேனா? அதை மடித்து வைத்துவிட்டு நானே எழுதினேன். தப்பும் தவறுமாக இருக்கும், உன் மாதிரி வராது. இதுதான்:

'எங்கள் கடையில் உறை தைத்துக்கொண்டிருந்த அம்மாளை நான் மார்ச் பன்னிரண்டாம் தேதி வேலையை விட்டு அனுப்பினேன். கடையில் நடப்பதை வெளியே சொல்கிறார் என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். அவர் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் பதிவுகளைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் எல்லாரும் வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வந்து சொன்னதை யாரோ எழுதுகிறார்கள் என்று தலைகீழாக நினைத்துக்கொண்டேன். என் தம்பி விளையாட்டாக எழுதிய ஒரு வரியைச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். தப்பு என்னுடையது. ஐந்து வருஷமாக இந்தக் கடையிலிருந்து நீங்கள் வாங்கிப்போன ஒவ்வொரு உறையும் அவர் தைத்தது. அவருக்கு வேலை கொடுக்க யோசிக்கிறவர்கள் என்னிடம் வந்து கேட்கலாம். கடைக்காரி.'

மேலே தேதியும் போட்டேன். உன் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் அமுக்கினேன். கையை எடுக்கவில்லை. அன்றைக்கே அச்செடுத்துத் திரைச்சீலைக் கடைக்கும் பைக் கடைக்கும் எதிர்க்கடைக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருத்தரும் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, ஆனால் வாங்கிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை டேப்பு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். எதிர்க்கடையில் கூப்பிட்டுவிட்டார்களாம், வேலைக்கு. "உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். மகள் அந்தப் பதிவைப் படித்தாளா என்று கேட்டேன். படித்தாளாம், தன் சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பினாளாம்.

"இங்கேயே வந்துடேன்" என்றேன். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன்.

"கோவம் எல்லாம் போயிடுச்சு அக்கா. ஆனா இங்க ஏதாவது ஒண்ணு காணாமப் போச்சுன்னா, ஒரு பேச்சு வெளிய போச்சுன்னா, நீங்க முதல்ல என்னைத்தான் பாப்பீங்க. நீங்க பாக்காட்டியும், பாக்கறீங்கன்னு நான் நினைச்சுக்குவேன். அப்படி உக்காந்து தைக்க முடியாது" என்றாள்.

மாமா உள்ளே போய்விட்டார்.

மே மாதத்தோடு உன் பதிவுகள் தீர்ந்துவிடும் என்று சொன்னாய். அதற்கப்புறம் என்ன செய்வது என்பதை நேரில் வந்து சொல். வந்ததும் முதலில் எதிர்க்கடைக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு இங்கே வா.

நேற்று முன்தினம் ஒரு பெரியவர் கை வைத்த நாற்காலி ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். நான் கேட்பதற்கு முன்பே, "உங்க வெப்சைட்ல அதைப் படிச்சேம்மா. தப்பு பண்ணிட்டேன்னு எழுதற கடையில கொடுத்தா ஒழுங்கா செஞ்சு கொடுப்பாங்கன்னு தோணிச்சு" என்றார். நாற்காலியைத் தட்டிக் காட்டிவிட்டு, "இதை அந்தம்மாதானே தைக்கப் போறாங்க?" என்று கேட்டார்.

நாங்களும் நன்றாகத் தைப்போம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"இல்லீங்க. அவங்க இப்ப எதிர்க்கடையில இருக்காங்க" என்றேன். அவர் நாற்காலியையும் தெருவையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கத்தை அவர் பிடித்துக்கொள்ள, மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்கா